அடையாள வரிசையில் ஒரு தையல்காரர்

என் அக்காவைக் கட்டியவருக்கு முகம் செய்யும்போது கடவுள் அவசரத்தில் இருந்திருக்க வேண்டும். குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை, நிறை என்று சொல்லவும் இல்லை. நடுத்தர உயரம், நடுத்தர நிறம், எல்லோருக்கும் இருப்பது போல ஒரு மீசை. கல்யாண ஆல்பத்தைப் புரட்டிய எங்கள் சித்தப்பா, மாப்பிள்ளைமேல் விரலை வைத்து, இது யார், போட்டோ எடுக்க வந்தவரா என்று கேட்டார். கேலிக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியவில்லை. பக்கத்திலேயே நின்றிருந்த அத்தான் சிரித்துக்கொண்டார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே கிடையாது. அதுதான் எனக்குக் கோபம்.

அவர் தையல்காரர். போலீஸ் ஸ்டேஷனுக்கு நேர் எதிரே கடை. போலீஸ்காரர்களுக்குச் சீருடை தைப்பதும், பதவி உயர உயரப் பெருத்துப்போன இடுப்புகளுக்குத் தகுந்தபடி கால்சட்டையைப் பிரித்துவிடுவதும்தான் பிழைப்பு. வெளிச்சத்துக்காக மெஷினை வாசலை ஒட்டிப் போட்டிருந்தார். ஒரு தையல் முடிந்ததும் நிமிர்ந்து தெருவைக் கொஞ்ச நேரம் பார்ப்பார், பிறகு மறுபடி குனிந்துகொள்வார். நாள் முழுக்க அப்படித்தான்.

ஸ்டேஷனில் அடையாள வரிசை என்று ஒன்று நடக்கும். பிடிபட்ட ஆளைத் தனியாக நிறுத்தி, இவன்தானா என்று சாட்சியிடம் கேட்கக் கூடாது. சம்பந்தமே இல்லாத ஏழெட்டுப் பேரோடு சேர்த்து நிறுத்த வேண்டும். சாட்சி வந்து ஒருவர் தோளைத் தொட வேண்டும். அந்த ஏழெட்டுப் பேரை ஸ்டேஷன்காரர்கள் தெருவிலிருந்து கூட்டிப்போவார்கள். எந்தத் திருடனோடு நிறுத்தினாலும் பொருந்தும் முகம் என்று அத்தானுக்கு அங்கே நல்ல பெயர். கூப்பிட்டால் கத்தரிக்கோலை வைத்துவிட்டுச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விடுவார். வீட்டுக்கு வந்து, இன்று நகை பறித்தவனுக்குப் பக்கத்தில் நின்றேன் என்று பெருமையாகச் சொல்வார். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

முதல் முறை ஒரு பெண் அவர் தோளைத் தொட்டபோது ஸ்டேஷனே சிரித்தது. அத்தானும் சிரித்தார். அடுத்த முறை வேறொரு வழக்கு. சாட்சியாக வந்த கடைக்காரர் வரிசையை இரண்டு தரம் பார்த்துவிட்டு, நேராக வந்து அவரைத் தொட்டார். அப்போது சிலர்தான் சிரித்தார்கள். அதற்கும் அடுத்ததில், வீடு புகுந்து ஒரு கிழவரை அடித்துப்போட்ட வழக்கில், கிழவரின் மகள் கையைத் தூக்கிக்கொண்டு அத்தானிடம்தான் வந்தாள். அவர் தோளுக்கு மேலேயே கை நின்றது. பிறகு விலகி, பக்கத்தில் நின்ற வேன் டிரைவரைத் தொட்டது. அந்த டிரைவர்தான் ஸ்டேஷன் பிடித்து வைத்திருந்த ஆள். தண்டனை கிடைத்து உள்ளே போனார். அன்று அத்தான் வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார் என்று அக்கா சொன்னாள்.

ஆனால் அதற்குப் பிறகு மனிதர் மாறிப்போனார். ஒரு நாள் மதியம் நான் கடைக்குப் போனபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஊசிக்கு அடியில் துணி இல்லை. பெடலை மிதித்துக்கொண்டு, எதிரே இருந்த ஆளுயரக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிட்டும் திரும்பவில்லை. கண்ணாடிக்குள்ளிருந்தே என்னைப் பார்த்தார்.

"ஒருத்தருக்கொருத்தர் தெரியாதவங்க எல்லாம் எப்படிடா என்னையே தொடுறாங்க?" என்றார். "என் மூஞ்சியோட இன்னொருத்தன் சுத்துறானா, இல்ல நானேதான் போயிட்டு வர்றேனா?"

உளறாதீர்கள் என்று அதட்டினேன். அதட்டினேனே தவிர, கண்ணாடியில் தெரிந்த அந்த முகத்தை நானும் ஒரு தரம் உற்றுப் பார்த்துக்கொண்டேன். வீட்டில் அக்கா துவைக்கப் போட்ட அவர் சட்டைகளின் கைமடிப்பைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன தேடுகிறாய் என்று கேட்டேன். பட்டன் அறுந்திருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொன்னாள். பட்டன் கைமடிப்புக்கு உள்ளேயா இருக்கும்? பதினெட்டு வருஷம் கூடக் குடித்தனம் செய்தவள், அந்த மனிதர் தண்ணீர் கேட்டால் சொம்பைக் கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டு நகர்ந்தாள். அவர் அதைக் கவனித்தார். எடுத்துக் குடித்தார்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துத் தெரு லாட்ஜில் காவலாளியைக் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டார்கள். கொன்றவன் படியிறங்கி ஓடியதை லாட்ஜில் பெருக்கித் துடைக்கும் அம்மாள் பார்த்திருந்தாள். ஒரு எடுபிடிப் பையனைப் பிடித்து வரிசையில் நிறுத்தினார்கள், வழக்கம் போல அத்தானையும் கூப்பிட்டார்கள். போகாதீர்கள் என்று அக்கா கையைப் பிடித்துக் கெஞ்சினாள். போகாவிட்டால் சந்தேகப்படுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மாள் பையனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அத்தான் தோளில் கையை வைத்தாள், வைத்தவள் எடுக்கவே இல்லை.

ஸ்டேஷன் எஸ்.ஐ. இந்தத் தடவை விடுவதாக இல்லை. இத்தனை பேர் சேர்ந்து பொய் சொல்ல மாட்டார்கள், இத்தனை நாள் கண்ணெதிரே வைத்துக்கொண்டு ஏமாந்திருக்கிறோம் என்றார். அத்தானை உள்ளே உட்கார வைத்துக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். அடிக்கவில்லை. அடிக்க அவசியமே ஏற்படவில்லை. பொழுது சாய்வதற்குள் அத்தான் ஒப்புக்கொண்டுவிட்டார்.

விஷயம் கேள்விப்பட்டு நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். அந்த ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மேலிடத்திலிருந்து, ஆளைப் பிடித்தாயிற்றா என்று போன் வந்தபடி இருந்தது. ஒரு கையெழுத்தோடு அவருக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும். என்னையும் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு அத்தானிடம் பொதுவாக நாலு வார்த்தை பேசினார், பிறகு கேட்டார்.

"லாட்ஜுல மாடிப்படி வலது பக்கமா இருக்கு, இடது பக்கமா?"

அத்தான் வெகுநேரம் யோசித்தார். முகத்தில் அப்படியொரு கவலை, பரீட்சையில் தோற்றுவிடுவோமோ என்பது போல.

"எந்தப் பக்கம்னு நீங்களே சொல்லுங்கம்மா," என்றார். "நான் அந்தப் பக்கமாவே ஏறியிருப்பேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் அம்மா காகிதத்தை எஸ்.ஐ. கையிலிருந்து வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். சாட்சிகளை வரிசைக்கு முன்னால் எங்கே உட்கார வைப்பீர்கள் என்று மட்டும் கேட்டார். முன்னறையில், ஜன்னலோரப் பெஞ்சில் என்றார்கள். எவ்வளவு நேரம்? அது ஆகும் என்றார்கள், மதியம் முழுக்கக்கூட ஆகும்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் அம்மா கடையைத் திறக்கச் சொல்லி, அத்தானை ஒரு போலீஸ்காரர் காவலோடு மெஷினில் உட்கார வைத்துவிட்டு, தானே போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார். என்னையும் உட்கார வைத்தார். ஜன்னலுக்கு நேரே தெரு, தெருவுக்கு அப்பால் அத்தான். குனிந்தார், நிமிர்ந்து எங்களைப் பார்த்தார், குனிந்தார். வேறு பார்க்க அந்த அறையில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் எனக்கே அந்த முகம் ஏதோ செய்துவிட்டு வந்த முகமாகத் தெரிய ஆரம்பித்தது. சொந்த அத்தான்! நான் எழுந்து ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். அப்போது வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. விலங்கு மாட்டிய ஒருவனை இறக்கி, அதே ஜன்னலை ஒட்டி உள்ளே நடத்திப் போனார்கள். இன்ஸ்பெக்டர் அம்மா அவன் போவதைக் கண் கொட்டாமல் பார்த்தார்.

லாட்ஜில் அன்று தங்கியிருந்த மருந்துக் கம்பெனி விற்பனையாளர் ஒருவரும் ஓடிய ஆளைப் பார்த்திருந்தார். வெளியூர் போயிருந்தவர் அந்த வாரம் திரும்பி வந்தார். அவரை ஜன்னல் இல்லாத பின்னறையில் உட்கார வைத்தார்கள். ஒரு போலீஸ்காரர் சாதாரணச் சட்டையில் போய்த் தண்ணீர் கொடுத்தார், டீ கொடுத்தார், மின்விசிறியைத் திருப்பி வைத்தார். பிறகு அதே போலீஸ்காரரை இன்ஸ்பெக்டர் அம்மா வரிசையில் நிறுத்திவிட்டார். அத்தானும் அதில் நின்றார். தேடுகிற ஆள் இதில் இல்லாமலும் இருக்கலாம், இல்லை என்றால் இல்லை என்றே சொல்லுங்கள் என்று விற்பனையாளரிடம் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

வாசலில் நின்ற என்னை அக்கா இறுகப் பிடித்துக்கொண்டாள். விற்பனையாளர் மெதுவாக நடந்து வந்தார். அத்தானைக் கடந்தார். திரும்பி வந்தார். மறுபடி கடந்தார். கடைசியில் நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டு, தனக்கு டீ கொடுத்த போலீஸ்காரரின் தோளைத் தொட்டார்.

போலீஸ்காரர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கொலை நடந்த நேரத்தில் இதே ஸ்டேஷனில் காவலுக்கு நின்றவர் அவர், அத்தனை பேருக்கும் தெரியும். அப்படியும் ஒரு நொடி எல்லோரும் அவரை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தோம். நிச்சயமாகத் தெரியுமா என்று இன்ஸ்பெக்டர் அம்மா கேட்டார். செத்தாலும் மறக்க மாட்டேன் என்றார் விற்பனையாளர்.

இன்ஸ்பெக்டர் அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அந்த ஜன்னல் வழியா பார்த்துட்டு வந்தவங்க தொட்டு, நாம யார் யாரையெல்லாம் உள்ள அனுப்பியிருக்கோம்?" என்று எஸ்.ஐ.யைக் கேட்டார்.

காவலாளியைக் கொன்றவன் பிறகு அவருடைய கைக்கடிகாரத்தை விற்கப் போய் மாட்டினான். போய்ப் பார்த்தேன். வாசலில் குனிந்து நுழைய வேண்டிய உயரம், மீசையே கிடையாது. அக்கா அன்றைக்குத் தண்ணீர்ச் சொம்பை அத்தான் கையில் கொடுத்துவிட்டு, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

எங்களுக்கு அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு முடியவில்லை. பழைய வழக்குகளை மறுபடி விசாரிக்கும்படி மேலே எழுதினார். அவற்றில் வேன் டிரைவரின் வழக்கும் இருந்தது. கிழவரின் மகள் கை முதலில் யாரிடம் வந்து நின்றது என்பதை அத்தான்தான் சொல்ல முடியும். சொன்னால் ஸ்டேஷன் துணி ஒன்றுகூட உன் கடைக்கு வராது என்று எஸ்.ஐ. சொல்லி அனுப்பினார். நானும் யோசிக்கச் சொன்னேன். அத்தான் யோசிக்கவில்லை, போய்ச் சொல்லிவிட்டு வந்தார். சொன்னபடியே துணி வருவது நின்றது.

சொல்லிவிட்டேன் என்று அந்த டிரைவரிடம் நேரில் தெரிவிக்க வேண்டும் என்றார். நானும் கூடப் போனேன். சிறையில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர் வந்து உட்கார்ந்தார். இளைத்திருந்தார். அத்தான் விஷயத்தைச் சொன்னதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லணும்ண்ணே, மனசு உறுத்துது," என்றார். "அந்தப் பொண்ணு கை உங்க தோள்கிட்ட வந்து நின்னுச்சே, அப்ப அது உங்களையே தொட்டுடணும்னு சாமியை வேண்டிக்கிட்டேன்."

அத்தான் வலைக்குள் விரல்களைக் கோத்துக்கொண்டார்.

"நானும் வேண்டிக்கிட்டேன் தம்பி," என்றார். "என்னுது பலிச்சிருச்சு."