வலிக்காத பாயின்ட்

பென்சிலின் மழுங்கிய பின்பக்கத்தை அம்மாவின் உள்ளங்காலில் வைத்துத் தேய்த்தால் சொரசொரவென்று ஒரு சத்தம் வரும், காய்ந்த தேங்காய் மட்டையைத் தரையில் இழுப்பது போல. அந்தச் சத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும். பதினொரு வயதில் எங்கள் தெருவுக்கு நான்தான் டாக்டர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதனால் அம்மாவின் காலில் வருகிற அந்தச் சத்தம்கூட என் கைராசியின் சத்தம் என்றே எனக்குத் தோன்றியது. இன்று எங்காவது யாராவது மட்டையை இழுத்துக்கொண்டு போனால் நான் காதைப் பொத்திக்கொள்கிறேன்.

அது இரண்டாயிரத்து ஐந்தாம் வருடத்துக் கோடை, சுனாமி வந்துபோய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. அலை வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்கக் கரைக்குப் போன அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். கடல் எழுந்து வந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். நாங்கள் பிழைத்துவிட்டோம், ஆனால் அன்றிலிருந்து யார் என்னைத் தொட்டாலும் கத்த ஆரம்பித்தேன். தலை வாரவிட மாட்டேன், அம்மா பக்கத்தில் படுத்தால் எழுந்து போய்ச் சுவரோரம் படுத்துக்கொள்வேன். "பயந்துகீது, வுட்டுப் புடி" என்று எல்லாரும் அம்மாவுக்குச் சொன்னார்கள், அம்மாவும் விட்டுப் பிடித்தாள். அவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிற வயது எனக்கு இல்லை.

அம்மா உப்பளத்தில் வேலை செய்தாள். எங்கள் ஊர் மரக்காணத்தில் அதை "அளம்" என்று மட்டும் சொல்வோம். கடல் அந்த முறை அளத்துக்குள்ளேயே வந்து சேறும் குப்பையுமாகக் கொட்டிவிட்டுப் போயிருந்ததால் பாத்திகளைப் புதிதாகப் போட வேண்டியிருந்தது. குப்பையை வாரிய பிறகு பெண்கள் வரிசையாக நின்று, ஈரத் தரையை வெறுங்காலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். செருப்புப் போட்டால் தடம் விழும், தடம் விழுந்த பாத்தியில் உப்பு மண்ணோடு வரும் என்று மேஸ்திரி விடமாட்டார். வருடக்கணக்காக அந்த வெயிலிலும் உப்புத் தண்ணீரிலும் ஊறிக் காய்ந்த பாதங்கள் அவை, அவற்றில் முள் குத்தினால் முள்தான் உடையும் என்று அவர்களே சிரித்துக்கொள்வார்கள்.

அந்தக் கோடையில்தான் வசந்தி அக்கா வந்தார். நிவாரண வேலைக்காகச் சென்னையிலிருந்து வந்த கூட்டத்தில் அவர் ஒருவர். காலையில் பக்கத்து ஊரான அனுமந்தையின் மீனவப் பிள்ளைகளுக்கும் மாலையில் எங்கள் பள்ளிக்கூடத்திலும் அக்குபிரஷர் சொல்லிக்கொடுத்தார். தலைவலிக்குக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதையை அமுக்கு, குமட்டினால் மணிக்கட்டிலிருந்து மூன்று விரல் தள்ளி உள்பக்கம் அமுக்கு என்று எங்கள் கையை எங்களையே பிடிக்க வைத்தார். பஸ்ஸில் குமட்டும்போது இன்றும் நான் அந்த இடத்தை அமுக்கிக்கொள்கிறேன், எனக்கு அது கேட்கவும் செய்கிறது. உடம்பெங்கும் கண்ணுக்குத் தெரியாத பாதைகள் ஓடுகின்றன, பாதை அடைத்துக்கொண்டால் அது போய்ச் சேருகிற உறுப்புக்கு நோய் வரும் என்றார். அளத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சுலபமான பாடம் உண்டா? வாய்க்காலில் மண் அடைத்தால் பாத்திக்குத் தண்ணீர் ஏறாது என்பது எங்களுக்கு நடக்கத் தெரிந்த நாள் முதல் தெரியும்.

ஆளுக்கொரு பாதப் படம் கொடுத்தார். அதில் கலர் கலராகக் கல்லீரல், இருதயம், கண் என்று எல்லாம் பாதத்துக்குள்ளேயே இருந்தன. கூடவே இரண்டு விஷயங்களை மனப்பாடம் செய்ய வைத்தார். அமுக்கி வலிக்கிற இடம்தான் அடைத்த இடம் என்பது ஒன்று. சில இடங்களில் விரலுக்கடியில் கல்கண்டுத் தூள் போல நெருடும், அதுதான் தேங்கிய கழிவு, தினமும் அமுக்கினால் கரைந்துவிடும் என்பது இரண்டாவது. அக்கா பொய் சொல்கிறவர் இல்லை, அவர் படித்ததையும் நம்பியதையும் சொன்னார். எங்கள் மென்மையான காலை எங்களையே அமுக்கிப் பார்க்கச் சொன்னபோது நாங்கள் ஆளாளுக்கு ஒரு இடத்தில் "ஸ்ஸ்" என்று கையை எடுத்துக்கொள்ளத்தான் செய்தோம்.

படம் கைக்கு வந்த மறுநாளே அளத்துக்குப் போனேன். மற்றவர்கள் என்னைத் தொட்டால்தான் பயம், நானாகத் தொடுவதில் எனக்குப் பயம் இருக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த பெண்களின் காலைப் பிடித்து, ஒவ்வொருவருக்கும் எல்லா "பாயின்ட்"டையும் அமுக்கிப் பார்த்தேன். ஒருவருக்கும் எங்கேயும் வலிக்கவில்லை. அம்மாவோடு கூடை தூக்குகிற அஞ்சலைப் பெரியம்மா, "நாங்க இன்னா பட்டணத்துப் பொம்பளைங்களா, தொட்டதும் வலிக்கறதுக்கு" என்று காலை இன்னும் நீட்டிக் காட்டினாள். நான் ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். உழைக்கிற உடம்புக்கு நோய் அண்டாது பார் என்று அவரும் ஆச்சரியப்பட்டார். அன்று சாயங்காலம் முழுக்க எங்கள் தெருவில் இதே பெருமைதான். அமுக்கினால் எதுவுமே தெரியாத கால் நல்ல கால் இல்லை என்று அத்தனை பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

அம்மாவுக்கு அந்த நாட்களில் தாகம் அடங்கவே இல்லை. குடத்துத் தண்ணீரை அவள் ஒருத்தியே குடித்துத் தீர்ப்பாள், ஒன்றுக்குப் போக அடிக்கடி எழுந்து போவாள், சோறு உண்டதும் சுவரில் சாய்ந்துவிடுவாள். வெயிலில் நிற்கிறவளுக்குத் தாகம் எடுக்காமல் என்ன செய்யும் என்றார் அப்பா. நான் படத்தைப் பார்த்தேன். சிறுநீரகத்தின் பாதை உள்ளங்காலில், இரண்டாவது மூன்றாவது விரல்களுக்கு நேர் கீழே இருக்கிற பள்ளத்தில் தொடங்குவதாகப் போட்டிருந்தது. நோய் கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அன்றிலிருந்து தினமும் அவள் வேலை விட்டு வந்து கால் கழுவியதும் நான் பாயைப் போடுவேன். அம்மா சுவரில் சாய்ந்து வலது காலை என் மடியில் வைப்பாள். வெளிச்சம் மங்கும் வரை அரை மணி நேரம் அமுக்குவேன். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பாள். ஐந்தாம் நாள் அந்தப் பள்ளத்தில், காய்த்த தோலுக்கு அடியில், விரலுக்கு ஏதோ நெருடியது. அழுத்தினால் நகர்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"கல்லு கெடச்சிடுச்சும்மா" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியலியே பாப்பா" என்றாள் அம்மா. சிரித்தாள்.

கட்டை விரல் போதவில்லை என்று பென்சிலால் அழுத்தினேன், அதுவும் போதவில்லை என்று கரண்டிக் காம்பால் அழுத்தினேன். ஒவ்வொரு நாளும் அந்த நெருடல் குறைந்துகொண்டே வந்தது. கரைகிறது, கரைகிறது என்று அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவரும் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். அது கரையவில்லை. நான்தான் அதை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன்.

ஒன்பது நாள் அப்படிப் போனது. பத்தாம் நாள் காலையில் அம்மாவின் பாதம் வீங்கி, புறங்கால் கறுத்துச் சிவந்து, நெருங்க முடியாத ஒரு வாடை வந்தது. அப்போதும் அவள் வேலைக்குக் கிளம்பினாள், பாத்தி வரப்பில் நடுங்கி விழுந்த பிறகுதான் அப்பாவும் அஞ்சலைப் பெரியம்மாவும் அவளைப் புதுச்சேரி பஸ்ஸில் ஏற்றினார்கள். நானும் அடம்பிடித்து ஏறினேன். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா காலைக் கீறிச் சீழை எடுத்து, இடுக்கியால் எதையோ இழுத்துத் தட்டில் போட்டார். டங்கென்று சத்தம் கேட்டது. கழுவியபோது தெரிந்தது, சுண்டுவிரல் நக அளவில் ஒரு கண்ணாடிச் சில்லு. அலை கொண்டுவந்து பாத்திச் சேற்றில் போட்ட எந்த வீட்டுப் பாட்டிலோ, மிதிக்கும்போது ஏறியிருக்கிறது.

மிதித்தபோது வலிக்கவில்லையா என்று டாக்டரம்மா கேட்டார். அம்மா இல்லை என்றாள். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, ஓர் ஊசியின் முனையால் நல்ல காலில் விரலிலிருந்து மேலே மேலே குத்திக்கொண்டே வந்தார், தெரியுதா, தெரியுதா என்று. கணுக்காலைத் தாண்டிக் கெண்டைக்காலுக்கு வந்த பிறகுதான் அம்மா "தெரியுதுங்க" என்றாள். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ நாளாக, ஆளே இல்லாத வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மேல் போயிருக்கிறது, இந்தச் சர்க்கரை நோய் எத்தனை வருடமாக இருக்கிறதோ, அதில்தான் கால் மரத்துப்போயிருக்கிறது என்று சொன்னார்கள். அந்த வார்த்தையையே அன்றுதான் எங்கள் வீடு கேட்டது.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "அது கிட்னி கல்லுன்னு நெனச்சி நான்தான் தெனமும் அமுக்கிக் கரைச்சேன்" என்றேன். டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. எப்படி அமுக்கினாய் என்று கேட்டார். என் உள்ளங்கையில் கட்டை விரலை ஊன்றிக் காட்டினேன். அவர் அம்மாவின் பாதத்தை இன்னொரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, இரண்டு விரல்களை எடுத்தால்தான் காலைக் காப்பாற்ற முடியும் என்று அப்பாவிடம் சொன்னார். அம்மா தன் காலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

கேள்விப்பட்டு வசந்தி அக்கா வீட்டுக்கு வந்தார். கட்டுப் போட்ட காலைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிறகு அம்மாவின் இடது காலை எடுத்து அதே பள்ளத்தில் அமுக்கி, தெரியுதா அக்கா என்று கேட்டார். தெரியலம்மா என்றாள் அம்மா. வசந்தி அக்கா அந்தக் காலை மெல்லப் பாயில் இறக்கி வைத்தார். அடுத்த வாரம் ஒரு நர்ஸைக் கூட்டிக்கொண்டு அளத்துக் கொட்டகைக்கே போனார், காலை நீட்டிக் காட்டிய அஞ்சலைப் பெரியம்மாவுக்கும் சர்க்கரை இருந்தது. அதற்கப்புறம் அவர் எங்களுக்குப் பாடம் எடுக்கவில்லை. நானும் அன்றோடு யாருடைய காலையும் தொடவில்லை.

இப்போது நான் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால் டார்ச் அடித்து, முகம் பார்க்கிற கண்ணாடியைக் காலுக்கடியில் பிடித்து, அம்மாவின் இரண்டு பாதங்களையும் பார்ப்பேன். பார்ப்பதோடு சரி, என் விரல் படாது. போன மாதம் அப்படிக் குனிந்திருக்கும்போது, ஊர்ப் பேச்சு எதையோ பேசிக்கொண்டிருந்தவள் நடுவில் சாதாரணமாகச் சொன்னாள், நான் கல் கிடைத்தது என்று சொன்ன மூன்றாம் நாளே பாயில் ரத்தம் பார்த்தாளாம். ஈரத்துணியால் துடைத்துவிட்டாளாம்.

நான் கண்ணாடியைக் கீழே வைத்து நிமிர்ந்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்ப. அஞ்சு மாசம் எம் பக்கத்துலயே நீ வரல பாப்பா. பாதத்துல ஒண்ணும் தெரியலதான். ஆனா உம் மடியில கெண்டைக்கால் பட்டிருக்கும் இல்ல, அங்க சூடு தெரிஞ்சுது. அது போதும்னு இருந்துட்டேன்."

அந்தப் பாதப் படம் எப்போது தொலைந்தது என்று தெரியாது. நாங்கள் இருந்த ஓலை வீடு இல்லை, அஞ்சலைப் பெரியம்மா இல்லை, அம்மாவின் வலது காலில் இரண்டு விரல்கள் இல்லை. டார்ச்சை அணைத்து வைத்துவிட்டு, இத்தனை வருடங்களுக்குப் பிறகு அந்தக் காலை எடுத்து என் மடியில் வைத்தேன். கெண்டைக்காலில் கையை வைத்து, தெரியுதாம்மா என்று கேட்டேன்.

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "இப்ப அங்கயும் தெரியறதில்ல. முட்டிக்கு மேலதான்" என்றாள்.

நான் பாயில் இன்னும் கொஞ்சம் அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.