பூப்போட்ட சட்டை

பாஸ்போர்ட் விசாரணைக்காக எங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் காத்திருந்தபோதுதான் அந்த ஏட்டையாவைப் பார்த்தேன். முறுக்கு மீசை, பெல்ட்டுக்கு அடங்காத தொப்பை. குழந்தைகளிடம் பேசும்போது போலீஸ் சீருடையில் இருக்கக் கூடாது என்பது சட்டம். அதற்காகவே அவர் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் ஒரு பூப்போட்ட சட்டை தொங்கியது.

பள்ளிக்கூட நேரத்தில் வெளியே திரிந்தாள் என்று ஒரு சிறுமியை வாசலிலேயே பிடித்து உள்ளே கூட்டிவந்தார்கள். அவள் கையில் வைக்கோல் கட்டு. ஏட்டையா காக்கிச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் பூச்சட்டைக்கு மாறினார். காக்கி பேண்ட்டும் பூட்ஸும் அப்படியே இருந்தன. குரல் மட்டும் குழைந்தது.

“ஏம்மா ஸ்கூலுக்குப் போகல?”

“மாட்டுக்கு வைக்கோல் போட வந்தேன் சார்.”

“எந்த மாட்டுக்கு?”

அவள் ஜன்னலைக் காட்டினாள். கொள்ளிடத்தில் மணல் அள்ளியதற்காகப் பிடித்துவந்த மாட்டுவண்டி வெளியே நின்றது. மாடுகள் இரண்டையும் வேப்பமரத்தில் கட்டியிருந்தார்கள். மணல் லாரி ஒன்றையும் அங்கே காணோம்.

“அப்பாவ நீங்கதானே புடிச்சிட்டுப் போனீங்க. வேற யாரு வந்து போடுவா?”

ஏட்டையா கொஞ்சமும் அசரவில்லை. “அது காக்கிச்சட்ட போட்ட போலீசும்மா. இப்ப நான் மாமா.”

“அப்ப மாட்ட அவுத்து விடுங்க மாமா.”

ஏட்டையா ஆணியில் தொங்கிய காக்கியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்த கட்டை வாங்கிக்கொண்டு, “நீ ஸ்கூலுக்கு ஓடு, நான் பாத்துக்கறேன்” என்று அனுப்பிவைத்தார். சொன்னபடி தானே போய் வைக்கோலை உதறிப் போட்டு, மாடுகளைத் தட்டிக்கொடுத்தார்.

கயிற்றை மட்டும் அவிழ்க்கவில்லை. பூப்போட்ட சட்டைக்கு அவ்வளவு அதிகாரம் கிடையாது போலிருக்கிறது.