வியாழக்கிழமைத் தட்டு

ஈரண்ணா எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் குனிந்து தரையைத்தான் பார்ப்பார். பெண் பார்க்கப் போன ஒரே ஒரு தடவையும் அப்படித்தான் செய்தார் என்றும், பெண் வந்து நின்றுவிட்டுப் போனதையே கவனிக்கவில்லை என்றும், சம்பந்தம் அத்தோடு முடிந்தது என்றும் தார்வாடில் ஒரு கதை உண்டு. அந்தக் கதையை அவர் மறுத்ததில்லை.

ஊரின் பழைய பருத்தி வியாபாரி ஒருவரின் வீட்டை வாங்கி, குழந்தைப் பருவத்துக்கென்று ஒரு மியூசியம் ஆக்கப் போவதாக ஓர் அறக்கட்டளை கிளம்பியபோது, அறைகளை வடிவமைக்கும் வேலை அவரிடம் வந்தது. மற்றவர்களாக இருந்தால் கண்ணாடிப் பெட்டிகளிலும் விளக்குகளிலும் ஆரம்பிப்பார்கள். இவர் தரையில் ஆரம்பித்தார். தொட்டில் அறைக்குச் சாணம் மெழுகிய மண் தரை, பள்ளிக்கூட அறைக்குச் சில்லென்ற கருங்கல், விளையாட்டு அறையில் பாதித் தரை திறந்த முற்றம். தவழ்கிற வயதில் உலகம் என்பது தரைதானே, அதைச் சரியாகப் போடாமல் மேலே எதை வைத்து என்ன பயன் என்பார். பெட்டிகளை எல்லாம் இடுப்புக்குக் கீழேயே வைத்தார். வயிறு பெருத்த பிரமுகர்கள் குனிந்து பார்க்கச் சிரமப்பட்டார்கள். கொஞ்சம் படட்டும் என்று விட்டுவிட்டார்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. எந்தப் பொருளாக இருந்தாலும் அதைப் பயன்படுத்திய குழந்தையின் பெயர் தெரிய வேண்டும். குல்லாயா, யார் தலையில் இருந்தது? பம்பரமா, யார் விட்டது? பெயரில்லாத பொருளை வைத்தால் அது மியூசியம் இல்லை, பாத்திரக்கடை என்று சொல்லி எத்தனையோ நல்ல பொருள்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். மண்ணெத்தின அமாவாசைக்குப் பிள்ளைகள் செய்யும் களிமண் காளைகளுக்கு மட்டும் வேறு வழி செய்தார். பூஜை முடிந்ததும் காளைகளைத் தண்ணீரில் விட்டுவிடுவது வழக்கம், பழையது எங்கேயும் கிடைக்காது. அதனால் பலகையைக் காலியாக விட்டு, வருஷா வருஷம் ஊர்ப்பிள்ளைகளே வந்து செய்து வைக்கட்டும் என்றார்.

சிக்கல் முதல் அறையில் வந்தது. மியூசியத்தில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் தங்கள் சொந்தக் குழந்தைப் பருவத்துப் பொருள் ஒன்றைத் தர வேண்டும், வருகிறவர்கள் முதலில் அதைப் பார்க்க வேண்டும் என்பது செயலாளர் சங்கமேஷின் யோசனை. அவர் தன் வெள்ளி அரைஞாணைக் கொடுத்தார். காவல்காரர் கவண்வில் கொடுத்தார். கணக்குப் பார்க்கும் அம்மாள் மரப்பாச்சியைக் கொடுத்துவிட்டு, தினமும் போகிற வருகிற போதெல்லாம் அதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரண்ணாவுக்கென்று விட்ட இடம் மட்டும் காலியாகவே கிடந்தது. திறப்பு விழா அடுத்த வாரம்.

"ஏன் சார், நீங்க பொறக்கும்போதே மீசையோட பொறந்தீங்களா? ஒரு கோலிகுண்டு கூடவா வச்சுக்கல?" என்று சங்கமேஷ் எல்லார் முன்னாலும் கேட்டார். ஈரண்ணாவும் சிரித்தார்.

அவரிடம் எதுவும் இல்லை என்பதுதான் உண்மை. தாயும் தகப்பனும் ஒரே வருஷத்தில் போய்விட, மாமன் அவரைத் தார்வாடுக்குக் கொண்டுவந்து பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டுப் போனான். திரும்பி வரவில்லை. படுக்கை பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில். சாப்பாட்டுக்கு ஏழு வீடு பிடித்துக் கொடுத்தார் ஒரு வாத்தியார், வாரத்தில் ஒரு நாளைக்கு ஒரு வீடு. அந்தக் காலத்தில் ஏழைப் பிள்ளைகள் பலபேர் அப்படித்தான் படித்தார்கள், அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை வீட்டில் அவர் சோமவாரம், வெள்ளிக்கிழமை வீட்டில் சுக்ரவாரம். தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு வந்த பையனுக்கு ஏழு வீட்டின் தரையும் மனப்பாடம். முகம் ஒன்றுகூட நினைவில் இல்லை.

மடத்து விடுதியில் இடம் கிடைத்த அன்றே மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஏழு வீட்டில் ஒன்றிலும் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு வயிறு குறைந்தது என்று சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தார். அதன்பின் அந்தத் தெருக்கள் பக்கமே போகவில்லை. சோற்றுக்கு நின்ற வாசலில் சும்மா போய் நிற்பதற்கு அவருக்குக் கூச்சம்.

அந்தக் கூச்சம் வயதானபின்னும் விடவில்லை. தனிக்கட்டை. இன்றைக்கும் திங்களுக்கு ஒரு கானாவளிச் சாப்பாட்டுக்கடை, செவ்வாய்க்கு ஒன்று என்று ஒவ்வொரு நாளும் வேறு வேறு இடத்தில்தான் சாப்பிடுவார். ஒரே இடத்தில் தொடர்ந்து சாப்பிட்டால் பழகிவிடுவார்கள், பழகினால் ஒரு நாள் "ஏன் நேத்து வரல?" என்று கேட்பார்கள், அதற்குப் பதில் சொல்ல அவருக்குத் தெரியாது. அப்படி யாரும் தன்னைக் கேட்டதே இல்லை என்பதுதான் அவருடைய பெரிய வருத்தமும். மனிதன் இப்படியும் தன்னையே கட்டிப்போட்டுக்கொள்வான்.

காலியிடத்தை நிரப்ப ஹூப்ளி பழைய சாமான் சந்தைக்குக்கூட ஒரு நாள் போனார். சக்கரம் கழன்ற மரக்குதிரை ஒன்றை எடுத்தார். இது என்னுடையது என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார். யாரோ ஒரு பிள்ளையின் குதிரை அது.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் நல்ல மழை. நனைந்த குடையோடு நீலாம்பிகா என்றொரு அம்மாள் வந்தாள். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, ஈரண்ணாவைவிட நாலைந்து வயது மூத்தவள். பழைய வீட்டை இடிக்கப் போகிறார்களாம், பரணில் கிடந்ததை எல்லாம் துணியில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பட்டுத்துணியில் தைத்த குஞ்சிகை என்கிற குழந்தைக் குல்லாய், பள்ளாங்குழிப் பலகை, பல் பதிந்த கிலுகிலுப்பை. ஒவ்வொன்றுக்கும் ஈரண்ணா பெயர் கேட்டார். தம்பி சன்னபசு, நான், தங்கை கௌரா என்று அவளும் சொல்லிக்கொண்டே வந்தாள். மூட்டையின் அடியில் ஓர் அலுமினியத் தட்டு இருந்தது.

"இது யாரோடது மேடம்?"

"வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிட வர்ற பையனோடது. பேரு தெரியாது சார். வியாழக்கிழமை வருவான், குருவாரம்னுதான் கூப்பிடுவோம்."

ஈரண்ணா தட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தன்னையே அதட்டிக்கொண்டார். ஊரில் எத்தனை வீடு, எத்தனை வியாழக்கிழமை, எத்தனை பையன்கள். பழக்கத்தில் வாய் தானாகவே சொன்னது, பெயரில்லாமல் எதையும் வைப்பதில்லை என்று.

அவள் தட்டைத் திரும்ப எடுத்துத் துணியில் சுற்ற ஆரம்பித்தாள். கோபம் இல்லை, கொஞ்சம் வருத்தம் மட்டும். அவ்வாவுக்காகத்தான், தன் அம்மாவுக்காகத்தான், கொண்டுவந்ததாகச் சொன்னாள். அவ்வா கடைசிவரை இந்தத் தட்டில் வேறு யாரையும் சாப்பிட விட்டதில்லையாம். உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று ஈரண்ணா கேட்டார். எண்ணெய்க்காரர் தெரு, கிணற்றுக்கு எதிரே என்றாள்.

ஈரண்ணா குனிந்து தரையைப் பார்த்தார்.

"அடுப்படி வாசல்ல எல்லாக் கல்லும் கறுப்பு. ஒரே ஒரு கல்லு மட்டும் வெளுப்பா, மூலை உடைஞ்சு இருக்குமா?"

நீலாம்பிகாவின் கை நின்றது. இடிக்கப் போகிற அந்த வீட்டின் அடுப்படி வரைக்கும், சாப்பிட வந்த பையனைத் தவிர, வெளியாள் யாரும் வந்ததில்லை. அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"தலையே நிமிர மாட்டே நீ. 'பையனுக்குக் கழுத்துல ஏதாவது கோளாறா'ன்னு அவ்வா கேப்பா" என்றாள். "எங்கடா போனே? அவ்வா அப்புறமும் வியாழக்கிழமை ரொட்டி தட்டும்போது உனக்குச் சேர்த்துத்தான் தட்டுவா. சாயங்காலம் வரைக்கும் மூடி வச்சிருந்து மாட்டுக்குப் போடுவா. அடுத்த வருஷம் வாத்தியார் வேற பையனைக் கூட்டிட்டு வந்தார். 'புதன்கிழமை வரச் சொல்லுங்க, வியாழக்கிழமைக்கு ஆளு இருக்கான்'னு சொல்லிட்டா."

ஈரண்ணா அழுதார். அறுபதை நெருங்குகிற மனிதர், மூக்கைத் துடைக்கக்கூடக் கை வரவில்லை. இத்தனை வருஷம் எந்த வீட்டிலும் தனக்கு இடமில்லை என்று நம்பி வாழ்ந்தவருக்கு, ஒரு வீட்டில் வியாழக்கிழமை முழுக்கத் தனக்காகக் காலியாகக் கிடந்தது அப்போதுதான் தெரிந்தது. அதை வைத்திருந்தவளும் இப்போது இல்லை.

"அக்கா, அவ்வா எப்போ..."

"போன தீபாவளிக்கு முன்னாடி. நல்ல வயசுதான். நீ எங்கே தம்பி இருந்தே இத்தனை காலம்? பம்பாயா, பெங்களூரா?"

ஈரண்ணா தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இங்கேதான்க்கா" என்றார். "இதே ஊர்லதான் இருந்தேன்."