முத்தாத பஞ்சு

டவுன் பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் வேட்டியை உற்றுப் பார்த்துக்கொண்டே வருவார் சின்னச்சாமி. "இதுல பாதி முத்தாத பஞ்சுண்ணே" என்று என் காதில் சொல்வார். வேட்டிக்காரர் திரும்பி முறைப்பார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்வேன். செல்லூரில் ஏறி ஆலை வாசலில் இறங்கும்வரை இந்தத் தொல்லை உண்டு.

எங்கள் நூற்பாலையில் அவர் பஞ்சு சோதிக்கிறவர். நான் டைப் அடிக்கிறவன். ஒரு சிட்டிகைப் பஞ்சை இரண்டு கட்டைவிரலுக்கு நடுவே இழுத்து இழுத்து நேராக்கிக் கறுப்புத் துணிமேல் வைப்பார். ஜன்னல் வெளிச்சத்தில் மினுமினுத்தால் தலையாட்டுவார். மங்கிக் கிடந்தால் ஓர் இழையை மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னைக் கூப்பிடுவார். "நல்லா முத்துனதுன்னா ஒடம்பு தெரண்டு இருக்கும். பட்ட வெளிச்சத்தத் திருப்பிக் குடுக்கும். இதப் பாருங்க, தோலு மெலிஞ்சு, தட்டையா, நாடாவ முறுக்குன மாதிரி கெடக்கு. வெளிச்சம் செதறித்தான போகும்? எம்புட்டுச் சாயம் போட்டாலும் சரியா ஏறாது."

இந்த மங்கல் பஞ்சுக்கு ஆலையில் எல்லோரும் சொல்லும் பெயர் செத்த பஞ்சு. அறிக்கைத் தாளிலும் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. சின்னச்சாமி ஒவ்வொரு தாளிலும் அதை அடித்துவிட்டு 'முத்தாத' என்று எழுதுவார். மேனேஜர் இரண்டு முறை மெமோ கொடுத்தார். இரண்டையும் டைப் அடித்தவன் நான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

காரணம் பிறகுதான் தெரிந்தது. எழுபத்தொன்பதில் அவருடைய அக்கா அன்னக்கொடி, திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் விளைந்த பஞ்சை மடியில் கட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்திருக்கிறார். கணவர் இறந்து மூன்றாவது மாதம். தனியாளாக நின்று எடுத்த வெள்ளாமை. மழையில்லாமல் காய் முற்றுவதற்குள் வெடித்திருந்தது. சின்னச்சாமி இழுத்துப் பார்த்தார். ஆலையில் பழகிய வாய் அப்படியே பேசிவிட்டது: "செத்த பஞ்சுக்கா இது."

"ஆமடா, செத்த வீட்டுப் பஞ்சுதான்" என்று மடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனவர், நாலு வருஷமாகத் தம்பி வாசலை மிதிக்கவில்லை. இவர் போனாலும் கதவைத் திறப்பதில்லை. ஒரு சொல்லுக்கு இவ்வளவா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அவருக்கு வரவில்லை.

போன வாரம் தரகர் மொக்கையன் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார்.

"ஒங்க அக்கா குடுத்துச்சு. தரம் எப்படின்னு ஒங்ககிட்டயே கேட்டு வரச் சொல்லுச்சு. எந்தம்பி பொய் சொல்ல மாட்டான்னுச்சு."

சின்னச்சாமி பஞ்சை இழுத்தார். ஜன்னலுக்குக் கொண்டுபோனார். இந்த வருஷமும் மழை ஏமாற்றியிருந்தது. பஞ்சு மங்கிக் கிடந்தது.

"நல்லாருக்குன்னு சொல்லிவிட்ருங்களேன்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் பொட்டலத்தை முன்பிருந்தபடியே மடித்துக் கட்டினார்.

"எனக்கு ஒரு கேட் பாஸ் அடிச்சுக் குடுங்கண்ணே. மைக்ராஸ்கோப்பு ஒண்ணு."

"எதுக்கு?"

"அக்காவே கண்ணால பாக்கட்டும். நான் வாயத் தொறந்தாத்தான வினையா வருது. கதவத் தொறக்குமான்னுதான் தெரியல."

மேனேஜரிடம் கெஞ்சிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். மைக்ராஸ்கோப்பைத் துண்டில் சுற்றி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு கிளம்பினார். கேட்டில் நின்றார். துண்டை விலக்கி, கண்ணாடியில் ஊதி, வேட்டி நுனியால் துடைத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு மறுபடியும் துடைத்தார்.