ரோசம்மா கொண்டுவந்த செய்தி

ஈஸ்டர் அன்று ஓட்டல் வேலை முடிந்து வரும் வழியில், கால் வலி தாங்காமல் மாதா கோயில் படியில் உட்கார்ந்தேன். இயேசு உயிர்த்தெழுந்ததைப் பெண்கள் ஓடிவந்து சொன்னபோது சீடர்களே நம்பவில்லை என்று உள்ளே வாசித்தார்கள். அப்படிப்பட்ட ஒருத்தியை எனக்குத் தெரியும்.

என் எட்டு வயதில் எஸ்டேட்டில் மண் சரிந்தது. அப்பா அதில் போய்விட்டார் என்றார்கள். மறுநாள் அடுத்த லயத்து வரிசை வீட்டு ரோசம்மா அக்கா மழையில் ஓடிவந்தாள். காலெல்லாம் அட்டை கடித்த ரத்தம்.

“யக்கா, அண்ணன் உசிரோட இருக்காரு! ஆசுபத்திரியில கண்ணால பாத்தேன்!”

“ஆறுதலுக்குப் பொய் சொல்லாத தாயி,” என்று அம்மா கதவைச் சாத்தினாள்.

அவள் போகவில்லை. “சத்தியமா யக்கா” என்று வாசலிலேயே நின்றாள். சாயங்காலம் அப்பா ஜீப்பில் வந்து இறங்கினார். நாங்கள் அவரைக் கட்டிக்கொண்டு அழுதோம். அவ்வளவு தூரம் ஓடிவந்தவளுக்கு ஒரு வாய் கட்டன்சாயா கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.