கடலுக்குப் பயந்து ஏரித் தண்ணீரில் விழுந்தது

சுனாமி வந்து போன அடுத்த மழைக்காலம் அது. என்ன வருஷம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கல்பாக்கத்துக்கு வடக்கே, கடலோர ரோட்டில், டவுன்ஷிப் பஸ் நிற்கிற இடத்தில் நாஸ்தா கடை வைத்திருந்தேன். இட்லி, பூரி, வடகறி. வடகறிக்காகவே பஸ்ஸை விட்டவர்கள் உண்டு. செய்தது என் வீட்டுக்காரி, பெயர் வாங்கியது நான்.

சுனாமி அன்று நான் ஊரிலேயே இல்லை. ஊரப்பாக்கத்தில் கொழுந்தியாள் வீட்டு நிக்காஹ்வுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அதற்குப் பிறகு கடையில் சுனாமியைப் பற்றி அதிகம் பேசியது யார் என்றால் நான்தான். அலையில் அடிபட்டவர்கள் வாயே திறக்கவில்லை. நான் பனைமர உயரம் என்றேன். கேட்டவர் கண்ணை விரித்தால் அதற்கு மேலும் கொஞ்சம் ஏற்றினேன்.

அப்புறம் வெளியூரிலிருந்து யாரோ வந்து பந்தல் போட்டு வகுப்பு எடுத்தார்கள். கடல் இரைந்தால் மேற்கே ஓடு, சாமான் எடுக்க நிற்காதே. இவ்வளவுதான் பாடம். கடை ரோட்டோரம் இருந்ததால் என் கழுத்தில் ஒரு விசிலையும் மாட்டிவிட்டார்கள். நான் பள்ளிக்கூடத்தில் மழைக்குக்கூட ஒதுங்காதவன். உட்கார்ந்து படித்தது அந்த ஒரு வகுப்புதான். அதனால் அதை மறக்காமல் படித்துவிட்டேன். வந்த வினை அதுதான்.

நாள் கணக்கில் விடாத மழை. வீட்டுக்காரி துவைக்கிற கல்லில் வழுக்கி, வலது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டோடு கடைக்குள் பலகையில் உட்கார்ந்து எனக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். காலையில் பஸ் வரவில்லை. திருநெல்வேலிப் பக்கத்து சார் ஒருவர், டவுன்ஷிப்பில் வேலை, மழைக்கோட்டோடு பூரி தின்றுகொண்டே காத்திருந்தார். அப்போதுதான் அந்த இரைச்சல். ஹோ என்று, நிற்காமல்.

"கடல்! மேற்கால ஓடுங்க!" என்று விசிலை ஊதினேன்.

பக்கத்து மீன்காரத் தம்பி படகைக் கால்வாயில் கட்டிவிட்டு டீக்கு வந்தவன். கிழக்கேயும் மேற்கேயும் காதைத் திருப்பிப் பார்த்தான். "இன்னா பாய், காலைலயே பேஜார் பண்ற? கடல் சும்மாத்தான் கீது. சத்தம் ஏரி பக்கத்துலர்ந்து வருது. மணல் மேட்டுக்கு வா."

"மணல் மேடு கடலாண்டல்ல கீது! வகுப்புல இன்னா சொன்னாங்க?"

"வகுப்பு எடுத்தவன் கடல்ல பொறந்தானா, நான் பொறந்தனா?"

அவனோடு பேச நேரமில்லை என்று நினைத்தேன். மாவு மூட்டை ஏற்றுகிற மூணு சக்கர வண்டியில் வீட்டுக்காரியைத் தூக்கி வைத்தேன். சார் பூரியைக் கீழே போட்டுவிட்டுப் பின்னாலிருந்து தள்ள வந்தார். "நீங்க இந்த ஊர்க்காரரு, உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?" என்றார். படித்த மனுஷர். பாவம்.

ஊர் சனம் மொத்தமும் கிழக்கே மணல் மேட்டுக்குப் போகிறது. நாங்கள் மூன்று பேர் மேற்கே. வண்டியில் குடை பிடித்துக்கொண்டு இவள் கேட்டாள், "ஊரே அந்தாண்ட போவுது, நாம மட்டும் எங்க போறோம்?"

"அதுங்க பாடத்த மறந்துட்சுங்க."

"ஏங்க, சத்தம் பின்னாலர்ந்து கேக்கல, எதிர்க்கக் கேக்குது."

கேட்டது எனக்கும். எதிரொலி என்று சொல்லிவிட்டேன். சார்கூட ஆமாம் என்றார்.

கால்வாய்ப் பாலத்துக்கு முன்னாலேயே தண்ணீர் எதிரே வந்தது. அலையாக இல்லை. டீ நிறத்தில், வைக்கோல் போரைத் தலையில் வைத்துக்கொண்டு, வயல் முழுக்க அகலமாக வந்தது. மேலே ஏரி உடைந்திருக்கிறது. முழங்கால் என்று நினைப்பதற்குள் இடுப்புக்கு ஏறியது. வண்டியைத் திருப்பினேன், முன்சக்கரம் ரோட்டை விட்டு இறங்கிச் சாய்ந்தது. கடலோரமே பிறந்து வளர்ந்தும் எனக்கு நீச்சல் தெரியாது. சாருக்கும் தெரியாது. இவளுக்குத் தெரியும், ஆனால் காலில் மாவுக்கட்டு ஊறி அம்மிக்கல் மாதிரி கனக்கிறது. விழுந்தால் நேரே அடிக்குத்தான். கைலியை அவிழ்த்து வண்டியைப் பனைமரத்தோடு கட்டினேன். நீல அண்டிராயரோடு நான் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன், சார் என்னைக் கட்டிக்கொண்டு நின்றார். கைலி முடிச்சு நழுவ நழுவ, அவள் என்னைப் பார்க்காமல் முடிச்சையே பார்த்தாள். அப்போது அவள் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்தத் தம்பி பைபர் படகை வயலுக்கு மேலே விட்டுக்கொண்டு வந்தான். நாத்து மேலே கடல் படகு. என்னைப் பார்த்ததும், "இன்னா பாய், குளிக்கிறியா?" என்றான். சிரிக்கிற நேரமா! ஆனால் சார் சிரித்துவிட்டார்.

"மொதல்ல அக்கா," என்று வண்டியோரம் படகை அணைத்தான். தோளை நான் பிடிக்க, காலை அவன் பிடித்துத் தூக்கினான். ஊறிய மாவுக்கட்டு அவன் கையிலேயே பிட்டுக்கொண்டு வந்தது. எலும்பு நகர்ந்த வலியில் இவள் போட்ட சத்தம் கரைக்குக் கேட்டிருக்கும். "பாவி, உன் கை வெளங்காமப் பூட!"

தம்பி முகம் செத்துவிட்டது. எங்களை மணல் மேட்டில் இறக்கிவிட்டு மறுபடி தண்ணீருக்குப் போனான். மேட்டில் ஊர் சனம் என் அடுப்பைத் தூக்கி வந்து, என் பாலில் டீ போட்டுக் குடித்துக்கொண்டிருந்தது. அண்டிராயரோடு நானும் வரிசையில் நின்று ஒரு டீ வாங்கினேன். "பாய், மேற்கு எப்டி கீது?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள்.

கால் கொஞ்சம் கோணலாகத்தான் கூடியது, நடக்கிறாள். தம்பி மட்டும் அதற்குப் பிறகு எங்கள் வாசல் பக்கம் வரவில்லை. கொஞ்ச நாளில் முட்டுக்காட்டில் சுற்றுலாப் படகு ஓட்டப் போய்விட்டான் என்றார்கள். இவள் தொழுகைப் பாயை மடிக்கும்போதெல்லாம் முணுமுணுப்பாள், "தூக்கி வுட்ட கையப் போய் அப்டி சொல்லிட்டனே." துடுப்புப் பிடிக்கிறவனுக்குக் கைதானே எல்லாம்.

நீங்கள் அந்தப் பக்கம் படகு ஏறப் போனால், வயல் மேலே படகு விட்ட ஆள் யார் என்று கேளுங்கள், காட்டுவார்கள். அக்கா அன்றைக்குத் திட்டியது அவனை இல்லை, தலைமாட்டில் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைத்தான் என்று சொல்லிவிடுங்கள். இவளும் அதைத்தான் சொல்லச் சொல்கிறாள்.