நிழல் நீக்கிய நிலா

அந்தத் தெருவில் அவருக்கு 'ஆடாதீங்க' என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது மின்கட்டண ரசீதில் மட்டும் வரும். "ஆடாதீங்க கடையில போய் எடுத்துக்கோ, நிக்கும்போதே குடுத்துடுவாரு" என்று ஊரே வழி சொல்லும். அவர் அதற்காக யாரிடமும் சண்டைக்குப் போனதில்லை. பொழுது விடிந்தால் பொழுது போனால் வாயில் புழங்குகிற சொல் பெயராக ஒட்டிக்கொண்டால் யாரைப் போய்க் கேட்பது?

அவர் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுப்பவர். அது மட்டும்தான். கல்யாணத்துக்கு வாருங்கள், குழந்தையை எடுத்துக்கொடுங்கள் என்று கேட்டால், "அதுக்கெல்லாம் என் மச்சான் இருக்கான்" என்று கைகாட்டிவிடுவார். கடையில் ஒரு வெள்ளைத் திரை, முதுகில்லாத ஒரு ஸ்டூல், இரண்டு குடை விளக்குகள், சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி, அதன் கீழே பல்லுப்போன சீப்பு. கடை திறந்த நாளிலிருந்து அந்தச் சீப்பை ஒரு வாடிக்கையாளரும் தொட்டதில்லை. ஆனாலும் அதைத் தூக்கிப்போட அவருக்கு மனசு வரவில்லை.

பலகைத் தடுப்புக்குப் பின்னால் கம்ப்யூட்டர். அதன் முன்னால் அவருடைய மனைவி. அவர் எடுப்பார், அவள் சுத்தம் செய்வாள். சுத்தம் என்பது கடைக்குள் புழங்கும் சொல். பருவை எடுப்பது, கலைந்த முடியை அடக்குவது, கழுத்துக்குக் கீழே விழுந்த நிழலைத் துடைப்பது எல்லாம் அதில் அடக்கம். விண்ணப்பம் வாங்குகிற அலுவலகங்களுக்கு முகத்தில் நிழல் என்றாலே ஆகாது. கண் திறந்திருக்க வேண்டும், காது தெரிய வேண்டும், சிரிப்பு கூடவே கூடாது. இத்தனை நிபந்தனையோடு ஒரு மனித முகத்தைப் பிடிப்பது லேசான காரியமில்லை என்பது அவர் கட்சி. "என் கையில எடுத்த படம் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல. கண்ண மூடின படம்னு என் கடையில ஒண்ணு காட்டு பாப்போம்" என்று யார் கிடைத்தாலும் பிடித்துவைத்துச் சொல்வார். தடுப்புக்குப் பின்னாலிருந்து மவுஸ் சொடுக்குகிற சத்தம் மட்டும் வரும்.

இவ்வளவு பெருமையும் பேசிவிட்டு, முன்சுவரில் இருக்கும் ஆணியைப் பார்த்தால் அவர் குரல் இறங்கிவிடும். கடை திறந்த அன்று, தான் எடுக்கும் முதல் நல்ல படத்தை மாட்டுவதற்கென்று அவரே அடித்த ஆணி அது. எடுத்த படமெல்லாம் ஒட்டப்பட்டு, மேலே முத்திரை குத்தப்பட்டு, யாருடைய கைப்பையிலோ போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்தவர் பாஸ்போர்ட் படத்தைச் சுவரில் மாட்டிவைத்தால் காணாமல் போனவர் அறிவிப்பு மாதிரி இருக்கும். அதனால் ஆணியில் வருடா வருடம் காலண்டர்தான் தொங்கியது.

மச்சான் என்றது மனைவியின் தம்பி. கல்யாணப் படம் எடுப்பவன். ஒரு படத்துக்கு மூன்று கோணம் பார்ப்பான், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் நடப்பான், ஒருமுறை அப்படியே நடந்து சாக்கடையில் விழுந்திருக்கிறான். அக்காவைப் பார்க்க வரும்போதெல்லாம் அந்தக் காலண்டரைப் பார்ப்பான்.

"இந்த வருஷமும் பல்லி படம்தானா மாமா?"

காலண்டரில் பல்லி இல்லை. பூச்சிமருந்துக் கம்பெனி கொடுத்த காலண்டர் என்பதால் அப்படிக் கேட்பான். அவர் காலண்டரை நேராக்கிவிட்டு உள்ளே போய்விடுவார். இரவு படுக்கும்போது அந்தக் கேள்வி மட்டும் நெஞ்சில் முள்ளாக நிற்கும்.

அந்தச் சமயத்தில்தான் செய்தித்தாளின் ஒரு மூலையில் சந்திர கிரகணம் என்று போட்டிருந்தது. முழுக் கிரகணம், மாலை மங்கியதும் ஆரம்பம், வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். அவர் அதை இரண்டு தரம் படித்தார். வட்டமான முகம், பின்னால் ஒரே நிறத் திரை, சிரிக்காது, பேசாது. தனக்கென்றே அளவெடுத்துத் தைத்த வாடிக்கையாளர் என்று தோன்றியது. பன்னிரண்டு படம் எடுத்து, நிழல் ஏறுவதையும் இறங்குவதையும் வரிசையாக ஒரே சட்டத்தில் போட்டு, அந்த ஆணியில் மாட்டிவிடுவது என்று முடிவுகட்டினார்.

மனைவியிடம் கிரகணம் என்று மூச்சுவிடவில்லை. சொதப்பினால் அவளுக்கும் தெரியவேண்டாம் என்ற முன்யோசனை. அவளுக்குச் செய்தித்தாள் படிக்கிற வழக்கமும் கிடையாது. நாள் முழுக்கத் திரையில் மூக்கையும் காதையும் பார்த்த கண், சாயங்காலமானால் எதையும் பார்க்க மறுத்துவிடும். "மாடியில சும்மா நிலாவ ரெண்டு படம் எடுக்கப்போறேன்" என்றார். "பனியில நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் படுத்துவிட்டாள்.

அதற்கு முன்பே, அன்று மத்தியானம், தூர லென்ஸுக்கு மட்டும் மச்சானிடம் போய் நிற்க வேண்டியிருந்தது. அவன் பழைய லென்ஸ் ஒன்றைப் பீரோவுக்கு அடியிலிருந்து இழுத்து, தூசி தட்டிக் கொடுத்தான்.

"கிரகண நிலா கிட்டயும் ஆடாதீங்கன்னு சொல்வீங்களா மாமா?"

"நாளைக்குச் சாயங்காலம் கடைக்கு வா. பாத்துட்டுப் பேசு" என்றார் அவர். சொல்லிவிட்டு நடக்கும்போதுதான் கேமராவை நிறுத்தும் முக்காலி ஞாபகத்துக்கு வந்தது.

 கடை முக்காலியின் ஒரு கால் ஏற்கெனவே பிளாஸ்திரியில்தான் உயிர்வாழ்ந்தது. லென்ஸை மேலே தூக்கிப் பிடித்தால் அதன் குழல் தானாக வழுக்கிக் கீழே இறங்கியது. படம் போடும் உறைகளுக்குச் சுற்றுகிற ரப்பர் பேண்டுகளைக் கொத்தாக மாட்டி அதை நிறுத்தினார். தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே இடம் பார்த்து, நிலாவை நட்டநடுவில் கொண்டுவந்து, விரல் பட்டால் ஆடுமென்று டைமர் வைத்துவிட்டு நிமிர்ந்தார். பொத்தான் தானாக விழுவதற்குள் நிலா ஓரத்துக்குப் போயிருந்தது. மறுபடி நடுவே கொண்டுவந்தார். மறுபடி போனது. கடை வாழ்க்கையில் ஸ்டூலை விட்டு எழுந்து நடந்துபோன வாடிக்கையாளரை அவர் பார்த்ததில்லை.

"ஆடாதீங்க" என்றார், தன்னையறியாமல். பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் அப்படியே நின்றுவிட்டாள்.

பிறகுதான் சூட்சுமம் பிடிபட்டது. நிலா எங்கே இருக்கிறது என்று பார்க்காமல், எங்கே வரப்போகிறது என்று பார்த்து லென்ஸைத் திருப்பிவைத்துக் காத்திருக்க வேண்டும். அப்படியே செய்தார். முதல் படம் முழு நிலா, துல்லியமாக விழுந்தது. கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் கறுப்பு கடித்தது. கடி பெரிதாகிப் பாதியை விழுங்கியது. கடைசியில் முழு நிலாவும் இருட்டுக்குள் போய், அணைந்த அடுப்பில் மிச்சமிருக்கும் கங்கு மாதிரிச் சிவந்து நின்றது. அவர் கேமராவை மறந்து அண்ணாந்து நின்றார். எதற்கென்று தெரியாமல் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. துடைத்துவிட்டுக் குனிந்து, சிவப்பையும் பிடித்தார். திரும்ப வெளிச்சம் வந்து முடிந்தபோது கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு படம் தேறின. அவர் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக மாடிப்படி இறங்கியதில்லை.

காலையில் கடையைத் திறந்ததும் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். ஏற்றியதும் கேமராவின் மெமரி அட்டையை அழித்துச் சுத்தமாக்கினார். அடுத்தவர் முகம் அட்டையில் கிடக்கக்கூடாது என்று தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதி. கை அதுபாட்டுக்குச் செய்துவிடும். பிறகு, மனைவியிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் படச்சட்டக் கடைக்குக் கிளம்பினார். பன்னிரண்டு கட்டம் வெட்டிய அட்டையும் கண்ணாடியும் போட்ட சட்டம். கடைக்காரர் மெதுவாக வேலை செய்கிறவர். காத்திருந்து வாங்கி, குழந்தையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மத்தியானத்துக்கு மேல் வந்து சேர்ந்தார்.

"நிலா படத்தப் பிரிண்டு போடு" என்றார்.

"அப்பவே போட்டு வச்சாச்சு" என்று மனைவி தாளை நீட்டினாள்.

தாளில் பன்னிரண்டு நிலா இருந்தது. பன்னிரண்டும் முழு நிலா. பன்னிரண்டும் ஒரே நிலா. ஒரே ஆள் எட்டுப் படம் வாங்கும்போது வருமே, அதே மாதிரித் தாள். நிலாவில் வழக்கமாகத் தெரியும் கறைகூட இல்லை. இப்போதுதான் சோப்புப் போட்டுக் கழுவிய தட்டுபோலிருந்தது.

அவர் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"நிழல் எங்க?"

"எடுத்துட்டேன். அடுத்தடுத்த படத்துல கறுப்பு கொஞ்சங்கொஞ்சமா ஏறியிருந்துச்சுங்க. லென்ஸ் மூடி சரிஞ்சிருக்கு, நீங்க கவனிக்கல போலன்னு நெனச்சேன். நாலஞ்சுல சேப்பு வேற ஏறிடுச்சு. முதல் படத்துல முகம் நல்லா வந்திருந்துச்சா, அதையே எடுத்து எல்லாத்துலயும் வச்சுட்டேன். கன்னத்துல திட்டுத்திட்டா இருந்துச்சு, அதையும் சுத்தம் பண்ணிட்டேன்."

"அது கிரகணம்" என்றார் அவர்.  "நான் எடுத்ததே அந்த நிழலத்தான். பழைய படம் எங்க?"

"அது மேலேயே சேவ் பண்ணிட்டேன்."

மெமரி அட்டையை அழித்தது அவர் கைதான் என்பது அப்போது ஞாபகம் வந்தது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "உன்னை யாரு கை வைக்கச் சொன்னது? பழசத் தனியா வச்சா என்ன? யாராவது அது மேலேயே சேவ் பண்ணுவாங்களா?"

"எப்பவுமே அப்படித்தான பண்றேன்" என்றாள் அவள். கண் கலங்கிவிட்டது. "பழசு கெடந்தா நீங்க பாத்துடுவீங்களே."

"பாத்தா என்ன?"

அவள் மவுஸைத் தள்ளிவைத்தாள். "பாத்தா மனசு கஷ்டப்படுவீங்க."

 அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த ஸ்டூலில் அவர் உட்கார்வது அதுதான் முதல் தடவை.

"கண்ண மூடினவங்க உண்டா?"

"அத எதுக்கு இப்ப கேக்குறீங்க."

"சொல்லு."

"தெனமும் உண்டு. நீங்க ஆடாதீங்கன்னு ஒரு அதட்டு போடுறீங்கல்ல, அந்த அதட்டுலதான் மூடிடுறாங்க."

"அப்புறம் எப்படித் தொறந்த?"

"ரெண்டு மூணு எடுப்பீங்களே, ஏதாவது ஒண்ணுல தொறந்திருக்கும். அத எடுத்து வைப்பேன். ஒண்ணுலயும் இல்லன்னா..." அவள் கொஞ்சம் தயங்கினாள். "என் கண்ண வச்சுடுவேன்."

"ஆம்பளைக்கு?"

"புருவத்த மட்டும் கொஞ்சம் தடிப்பாக்குவேன்."

 எத்தனையோ பேர் எத்தனையோ தேசத்து வாசலில் அவளுடைய கண்ணைக் காட்டிவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள். அவளோ இந்தப் பலகைத் தடுப்பைத் தாண்டிப் போனதில்லை. தடுப்புக்கு இந்தப்புறம் நின்றுகொண்டு, தன் கையில் எடுத்த படம் திரும்பி வந்ததில்லை என்று அவர் ஊரைக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அது தானாகவே வடிந்துவிட்டது.

சாயங்காலம் மச்சான் வந்தான். காலண்டர் இருந்த இடத்தில் சட்டம் தொங்கியது. பன்னிரண்டு கட்டத்தில் பன்னிரண்டு முழு நிலா. அவன் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் நடந்து, கதவில் இடித்துக்கொண்டு நின்றான்.

"கிரகணம் எங்க மாமா?"

"அது உங்க அக்கா வேலை. அத்தனை படத்துல கிரகணம் புடிச்சிருந்துச்சு. ஒரு தடம் தெரியுதா பாரு."

மச்சான் கிட்டே போய்க் கண்ணாடியில் மூக்கு படும்வரை பார்த்தான். "இல்ல" என்றான்.  லென்ஸை வாங்கிக்கொண்டு, ரப்பர் பேண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனான்.

"அந்தச் சட்டத்தக் கழட்டிடுங்க. பாக்கும்போதெல்லாம் எனக்கு அறுக்குது" என்றாள் மனைவி.

"இருக்கட்டும். நல்ல படம் எடுத்தா மாட்டணும்னுதான் அந்த ஆணிய அடிச்சேன். நம்ம கடையில நல்ல வேலை செஞ்சது நீதான்னு இப்பத்தான தெரியுது."

 கடை ஷட்டரைப் பாதி இறக்கியபின் அவள் வந்து, அவருக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எப்படிங்க இருந்துச்சு அது?"

அவருக்குப் பேச வராது. ஒரே சொல்லில் தொழிலை ஓட்டியவர். இருந்தாலும் காட்டுவதற்குக் கையில் ஒன்றுமில்லாததால் சொல்லியாக வேண்டியிருந்தது. ஓரத்தில் முதலில் கறுத்ததைச் சொன்னார். தெருவே இருட்டிக்கொண்டு வந்ததையும், அதுவரை தெரியாத நட்சத்திரமெல்லாம் வெளியே வந்ததையும் சொன்னார். சேப்பு என்று நீ துடைத்தாயே, அது வெறும் சேப்பில்லை, உள்ளே எங்கேயோ சூடு இருக்கிற மாதிரி ஒரு சேப்பு என்றார். தான் அழுததைச் சொல்லலாமா என்று யோசித்து, அதையும் சொல்லிவிட்டார்.

வெள்ளைத் திரைக்கு முன்னால், இரண்டு விளக்குக்கும் நடுவில், அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் திறக்கச் சொல்லவில்லை.